சொந்த ரத்தமா, லேபில் செய்த புரோட்டீனா? முட்டிவலிக்காகத் தறியை விற்க நினைப்பவருக்கு

இந்த வாரக் கடிதம் கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே உள்ள ஒரு விசைத்தறி ஊரிலிருந்து வந்திருக்கிறது. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று எழுதியவர் கேட்டிருக்கிறார். கடிதம் ஆறு பக்கம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52. எட்டுத் தறி வைத்து, பாவு வாங்கிக் கூலிக்கு ஓட்டுகிறார். இருபது வருடத்துக்கு மேலாக நின்றும் நடந்தும் செய்த வேலை. இரண்டு வருடமாக வலது முட்டியில் வலி. காலையில் பத்து நிமிடம் விறைப்பு, பாவு பிணைக்கக் குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடிவதில்லை, படி இறங்கும்போது பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு 'கிரேடு 2 தேய்மானம்' என்று எழுதியிருக்கிறார்கள். எடை 84 கிலோ. சர்க்கரை 'எல்லையில்' இருக்கிறதாம். ஒரு தனியார் மையத்தில் "ஜவ்வு திரும்ப வளரும்" என்று சொல்லி, சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் மூன்று பிஆர்பி ஊசி, அப்புறம் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஒரு ஸ்டெம் செல் ஊசி, எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் என்று பேசியிருக்கிறார்கள். 20,000 முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதியை வரும் வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும். அதற்கு நாலு தறியை விற்றுவிடலாம் என்று நினைக்கிறார்.

கூடவே இரண்டு விஷயம். அவருடைய அம்மாவுக்கு 76 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். இடது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே மூன்று மாதமாக ஆறாத புண். டாக்டர் ஒரு குரோத் ஃபேக்டர் ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார். "அது லேபில் செய்த புரோட்டீன், கேன்சர் வரும்" என்று நண்பர் ஒருவர் சொன்னதால் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டுகிறார்கள். கபடி ஆடும் மகனுக்குத் தோள்பட்டை வலி. ஜிம்மில் ஒருவர் 'பெப்டைடு' (சின்னப் புரோட்டீன் துண்டு) என்று ஒரு குப்பியைக் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "நம்ம ரத்தம் நம்ம ஒடம்புக்கு என்னங்க கேடு பண்ணிப்போடும்? லேபுல செஞ்சத உள்ள உட்டாத்தானுங்க பயம். நான் நெனைக்கறது சரிதானுங்களா?"

ஐயா, வணக்கம்.

கடிதத்தில் உங்கள் முட்டிக்கு ஐந்து பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், அம்மாவின் காலுக்கு அரைப் பக்கம். நான் அந்த அரைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முட்டி மூன்று மாதம் காத்திருக்கும். அந்தக் கால் காத்திருக்காது.

அம்மாவின் புண்

நண்பர் சொன்ன 'லேபில் செய்த புரோட்டீன்' என்ற பயத்தை முதலில் பார்ப்போம். அம்மா காலையும் இரவும் போட்டுக்கொள்கிற இன்சுலினும் லேபில் செய்த புரோட்டீன்தான். மனிதனின் இன்சுலின் ஜீனை பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ புகுத்தி, அவற்றைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவை உண்டாக்கும் இன்சுலினைப் பிரித்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கிறார்கள். 1982இல் இந்த முறையில் செய்த இன்சுலின் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னால் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். நீங்கள் 'செயற்கை' என்று பயப்படுகிற ஒன்றுதான் இத்தனை காலமாக உங்கள் அம்மாவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

'உடம்பிலிருந்து எடுத்தது என்றால் நல்லது' என்ற எண்ணத்துக்கும் ஒரு சம்பவம் சொல்கிறேன். வளர்ச்சிக் குறைவு உள்ள குழந்தைகளுக்குப் போடும் வளர்ச்சி ஹார்மோனை ஒரு காலத்தில் இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். அதன் வழியாகச் சிலருக்கு உயிரைக் குடிக்கும் மூளை நோய் தொற்றியது தெரிந்து, 1985இல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அந்த இடத்தை நிரப்பியது லேபில் செய்த ஹார்மோன். இங்கே பாதுகாப்பாக இருந்தது லேப்தான்.

இனி ஜெல். அடிபட்டால் நம் ரத்தத்தின் தட்டணுக்கள் சில புரோட்டீன்களை வெளிவிட்டு, 'இங்கே வாருங்கள், சதையைக் கட்டுங்கள்' என்று மற்ற செல்களைக் கூப்பிடும். அவைதான் குரோத் ஃபேக்டர்கள். நாள்பட்ட சர்க்கரைப் புண்ணில் இந்த அழைப்பு சரியாகப் போய்ச் சேராது. அதனால் அதே புரோட்டீனை வெளியிலிருந்து தடவுகிறோம். பிடிஜிஎஃப் என்ற வகை அமெரிக்காவில் 1997இலிருந்து சர்க்கரைக் கால் புண்ணுக்கு இருக்கிறது. நம் நாட்டிலும் இந்த மாதிரி ஜெல்கள் கிடைக்கின்றன.

கேன்சர் பயம் நண்பரின் கற்பனை இல்லை. அதற்கு ஒரு வேர் உண்டு. பிடிஜிஎஃப் ஜெல்லை மூன்று டியூபோ அதற்கு மேலோ பயன்படுத்தியவர்களிடம் கேன்சர் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததாக ஒரு கணக்கெடுப்பு வந்தது. 2008இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த மருந்துப் பெட்டியில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போட வைத்தது. பிறகு வந்த தரவுகளைப் பார்த்து 2018இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். நண்பரிடம் செய்தியின் முதல் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. புண் இருக்கும் இடத்திலேயே கேன்சர் இருந்தால் அதைத் தடவக் கூடாது என்பது இன்றும் உண்மை. அம்மாவுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

ஆனால் ஜெல்லைத் தடவினால் மட்டும் புண் ஆறிவிடும் என்றும் நினைக்காதீர்கள். செத்த சதையைச் சுத்தமாக எடுத்திருக்க வேண்டும், காலுக்கு ரத்த ஓட்டம் இருக்க வேண்டும், புண் மீது உடம்பின் பாரம் விழக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எத்தனை டியூப் தடவினாலும் வீண். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள புண் ஆறாமல் இருப்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் நடைதான். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனதால் வலி தெரியாது, வலிக்காததால் வீட்டுக்குள் வெறுங்காலில் நடந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு அடியும் புண்ணை மறுபடி திறக்கிறது. மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பு, தேவைப்பட்டால் பாரத்தைப் பரப்பிவிடும் மாவுக்கட்டு, இதெல்லாம் ஜெல்லைவிட முக்கியம்.

மஞ்சள் நம் மண்ணின் பொருள். அதன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஆழமான சர்க்கரைப் புண்ணில் அரைத்த விழுதை அப்பினால் உள்ளே சீழ் இருக்கிறதா, ஓரம் கறுக்கிறதா என்று பார்க்க முடியாமல் போகும். அந்த மஞ்சள் நிறத்துக்குக் கீழே எலும்பு வரை போய்விட்ட புண்களைக் கழுவிப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். இன்றைக்கே வெதுவெதுப்பான உப்புநீரில் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணி போட்டு, நாளை காலை பெருந்துறைக்கோ கோவை பெரியாஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள். கெட்ட வாடை, ஓரத்தில் கறுப்பு, பாதத்தின் மேல்பக்கம் சிவந்து வீங்கியிருப்பது, காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை காலை வரைகூட வேண்டாம், இன்றே போங்கள். அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போய், தொடரலாமா என்று எழுதிய டாக்டரையே கேளுங்கள்.

உங்கள் முட்டிக்குள்

சரி, இப்போது உங்கள் முட்டி.

ஜவ்வு என்று நாம் சொல்வது இரண்டு எலும்பின் முனையிலும் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வராத இடத்தில் பழுதுபார்க்கும் ஆள் வருவதில்லை. அதனால் தானாக வளர்வதில்லை. நரம்பு இல்லாததால் அது நேரடியாக வலிப்பதும் இல்லை. உங்கள் வலி அதற்கடியில் உள்ள எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள உறையின் அழற்சியிலிருந்தும், பலம் குறைந்த தொடைத் தசையிலிருந்தும் வருகிறது. இது நல்ல செய்தி. ஜவ்வு வளராமலேயே வலியைக் குறைக்க முடியும் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

ஜவ்வை வளர்க்க உலகத்தில் முயற்சி நடக்காமல் இல்லை. லேபில் செய்த ஸ்பிரிஃபெர்மின் என்ற புரோட்டீனை முட்டியில் செலுத்தி, 549 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதிக அளவு போட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் குருத்தெலும்பு, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால், 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. ஒரு தலைமுடியின் பருமன் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வு வளர்ந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் வலியைக் கேட்டால், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த மருந்து இன்னும் விற்பனைக்கு வரவில்லை. இத்தனை பேரை வைத்து, இத்தனை கவனமாகச் செய்து கிடைத்தது ஒரு முடி அளவு. உங்களிடம் "ஜவ்வு திரும்ப வளரும்" என்று உறுதி சொன்னவர்களிடம் எந்த ஆய்வு இருக்கிறது என்று கேளுங்கள்.

சுழற்றி எடுக்கும் ரத்தம்

பிஆர்பியை நான் பல வருடமாகக் கிட்டத்தில் பார்த்து வருகிறேன். கையிலிருந்து ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றி, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். வெளியே எடுத்தால் அடியில் அடர்சிவப்பு, மேலே நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே பால் ஆடை மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. தட்டணுக்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் திரண்டிருக்கும். அதை உறிஞ்சி முட்டியில் போடுவதுதான் பிஆர்பி. அதில் ஸ்டெம் செல் கிடையாது. உங்கள் அம்மாவின் ஜெல்லில் இருக்கிற அதே வகை புரோட்டீன்கள்தான் இந்தத் தட்டணுக்களுக்குள்ளும் இருக்கின்றன. அங்கே ஒரே புரோட்டீன், அளந்து வைத்தது. இங்கே பல புரோட்டீன்கள், கலவையாக, ஆளுக்கு ஆள் வேறுபட்ட அளவில். உங்கள் ரத்தத்தில் இன்றைக்குத் தட்டணு எத்தனை, எந்த இயந்திரம், ஒருமுறை சுழற்றினார்களா இரண்டு முறையா, இவற்றைப் பொறுத்து மருந்தின் பலமே மாறும். எத்தனை மையங்கள் எடுத்த திரவத்தில் தட்டணுவை எண்ணிப் பார்த்துப் போடுகின்றன என்று கேட்டால் பதில் வருத்தமாக இருக்கும்.

வேலை செய்யுமா? 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்த ஆய்வு உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். எல்லோரும் 50 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள், எல்லோருக்கும் கிரேடு 2 அல்லது 3. பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பிஆர்பி ஊசி, மீதிப் பேருக்கு மூன்று உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்துக்கு இத்தனை என்று வலியைக் கேட்டபோது பிஆர்பி போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்திருந்தது. குருத்தெலும்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தது.

அந்த 1.8ஐக் கொஞ்சம் யோசியுங்கள். வெறும் உப்புநீர் போட்டவர்களும் "முன்னைக்கு இப்போது தேவலை" என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்துத் தறிக்குடோன்காரர் பிஆர்பி போட்டு நன்றாக நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. மூட்டுவலி ஏறி இறங்கும் வலி. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் ஊசிக்குப் போகிறார், அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். அவருக்குக் கிடைத்த நிவாரணத்தில் எவ்வளவு ஊசியால், எவ்வளவு தானாக என்று ஒருவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் பயன்படுத்திய பிஆர்பியில் தட்டணு போதாது என்று சில நிபுணர்கள் வாதாடுகிறார்கள். மூட்டுக்கு வழுவழுப்பு தருவதற்காகப் போடும் ஹயலுரோனிக் அமில ஊசியைவிட பிஆர்பி மேல் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. அதனால் பிஆர்பி மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்பக் கட்டத் தேய்மானத்தில், மூன்று மாதம் உடற்பயிற்சி ஒழுங்காகச் செய்தும் போதவில்லை, கையில் உபரிப் பணமும் இருக்கிறது என்றால், சில மாத வலி நிவாரணத்துக்காக முயன்று பார்க்கலாம் என்பேன். தறியை விற்று முயலும் அளவுக்கு அதற்கு ஆதாரம் இல்லை.

"நம்ம ரத்தம் என்ன கேடு பண்ணும்" என்பதில் பாதி சரி. சொந்த ரத்தத்தை உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்க்காது. ஒவ்வாமை மிக அரிது. இரண்டு மூன்று நாள் முட்டி வீங்கி வலிக்கும், அது சகஜம். ஆனால் எடுத்து, ஊற்றி, சுழற்றி, திரும்பப் போடும் ஒவ்வொரு கட்டத்திலும் கிருமி நுழைய வாய்ப்பு உண்டு. என்னிடம் ஒரு அம்மா வந்தார், வேறோர் இடத்தில் இதே மாதிரி ஊசி போட்ட ஐந்தாம் நாள். முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கி, தொட்டால் கொதித்தது. ஊசி வைத்து இழுத்தால் சீழ். இரண்டு முறை மூட்டைத் திறந்து கழுவினோம். உயிருக்கு ஆபத்து வராமல் காப்பாற்றினோம், ஆனால் அந்த மூட்டு பழையபடி மடங்கவே இல்லை. அது அரிதுதான். ஆனாலும் எங்கே, யார், எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் சர்க்கரை எல்லையில் இருப்பதால் உங்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

மஜ்ஜை ஊசியும் 'ஸ்டெம் செல்' என்ற பெயரும்

இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் மஜ்ஜையில் ஸ்டெம் செல் இருக்கிறதா என்றால் இருக்கிறது. மூட்டுக்காகச் சொல்லப்படும் வகை, அதிலுள்ள லட்சம் செல்லுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை. அவை முட்டிக்குள் போய்ப் புது ஜவ்வாக மாறிவிடும் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். இந்தச் செல்களுக்கு 1991இல் 'ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்துப் பரப்பிய ஆர்னால்டு கேப்லன் என்ற அமெரிக்க விஞ்ஞானியே, 2017இல் 'இந்தப் பெயரை மாற்றுங்கள்' என்று எழுதினார். செலுத்திய இடத்தில் இவை புதுத் திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்குச் சில சமிக்ஞைப் பொருட்களைச் சுரக்கின்றன, பெயரால் மக்கள் ஏமாறுகிறார்கள் என்பது அவர் கவலை. பெயர் வைத்தவரே இப்படிச் சொன்னதை அந்த மையத்தின் விளம்பரத் தாளில் போட மாட்டார்கள்.

2023இல் அமெரிக்காவில் 475 பேரை வைத்து வந்த ஆய்வில், சொந்த மஜ்ஜை, சொந்தக் கொழுப்பு, தொப்புள்கொடி என்று மூன்று வகைச் செல் ஊசிகளையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியில் எதுவும் ஸ்டீராய்டைவிட மேலாக இல்லை. ஸ்டீராய்டு ஊசிக்குச் செலவு சில நூறு ரூபாய். அதற்கும் எல்லை உண்டு, அடிக்கடி போடக் கூடாது, சர்க்கரை சில நாள் ஏறும். ஒப்பீட்டுக்காகத்தான் சொல்கிறேன்.

சொந்த உடம்பிலிருந்து எடுத்துச் செய்யும் எதுவுமே பயனில்லை என்று அர்த்தமில்லை. சொந்தக் குருத்தெலும்பில் கொஞ்சம் எடுத்து, லேபில் வளர்த்து, திரும்ப வைக்கும் அறுவைச் சிகிச்சையை 1994இல் ஸ்வீடன் மருத்துவர்கள் 23 பேருக்குச் செய்து வெளியிட்டார்கள். இன்றும் அது நடக்கிறது. ஆனால் அது விளையாட்டில் அடிபட்டு, நல்ல ஜவ்வில் ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்த இளைஞர்களுக்கு. சாலையில் ஒரு குழியை அடைக்கலாம். சாலையே தேய்ந்திருந்தால் அந்த முறை உதவாது. இன்னொன்றும் உண்டு: வேறொருவர் கொடையாகத் தந்த மஜ்ஜையிலிருந்து லேபில் வளர்த்த செல் ஊசி ஒன்றுக்கு, கிரேடு 2, 3 முட்டித் தேய்மானத்துக்கு 2022இல் இந்தியாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. உங்களிடம் பேசியது அது இல்லை, அன்றைக்கே எடுத்து அன்றைக்கே போடும் சொந்த மஜ்ஜை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி யாராவது அனுமதிக் கடிதம் காட்டினால் ஏமாறாதீர்கள்.

லேபில் செய்தது என்பதும் தானாக ஒரு உத்தரவாதம் இல்லை. எலும்பை வளர்க்கும் பிஎம்பி-2 என்ற புரோட்டீனை முதுகெலும்பு அறுவையில் வைக்க 2002இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அது பலமாகவே வேலை செய்தது. சில பேருக்கு வேண்டாத இடத்தில் எலும்பு முளைத்தது. கழுத்தில் வைத்தவர்களுக்கு மூச்சு அடைக்கும் அளவுக்கு வீங்கியதால் 2008இல் எச்சரிக்கை வந்தது. அதனால் எந்த ஊசியானாலும் சொந்தமா லேபா என்று கேட்பதற்கு முன்னால், இந்த நோய்க்கு, இந்தக் கட்டத்தில், இந்த அளவில் யாருக்காவது சரியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மகனின் குப்பிக்கு இதே கேள்வியைப் போட்டால் பதில் சட்டென்று வந்துவிடும். ஜிம்களில் சுற்றும் பிபிசி-157 என்ற பெப்டைடாக இருந்தால், அதை மனிதர்களுக்கான மருந்தாக எஃப்டிஏ அனுமதிக்கவில்லை. அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி எலிகளில் செய்தது. 2022இலிருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது, கபடி ஆடுபவருக்கு அது ஒன்றே போதும். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு லேபிளைத் தவிர வேறு சாட்சி இல்லை. தம்பியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோளை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால்

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. அதனால் மையத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது ஆய்வுங்களா, சிகிச்சைங்களா?" ஆய்வு என்றால், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண் இருக்க வேண்டும், இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். 2019இன் மருந்து ஆய்வு விதிகளின்படி ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. சிகிச்சை என்றால், எந்த அனுமதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளின் நகலை வாங்குங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அந்தத் தாளில் 'பலன் உறுதியில்லை' என்று சின்ன எழுத்தில் இருந்து, வாயால் 'ஜவ்வு வளரும்' என்று சொல்லியிருந்தால், அந்த முரணைக் குறித்து வையுங்கள். சிகிச்சை தொடங்கவில்லை என்பதால் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தாளில் உள்ள நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞர் பார்ப்பது நல்லது.

இதைச் செய்யுங்கள்

இன்றிரவு கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். தொங்கும் கயிற்றுக் கட்டில் வேண்டாம், பலகைக் கட்டில். ஒரு துண்டைச் சுருட்டி வலது முட்டிக்குக் கீழே வைத்து, முட்டியால் துண்டை அமுக்குங்கள். தொடையின் முன்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், தசை கல் மாதிரி இறுகும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து முறை. இடது காலுக்கும் செய்யுங்கள், இரண்டு தொடையையும் தொட்டுப் பாருங்கள். வலது தொடை இளைத்திருப்பது உங்கள் கைக்கே தெரியும் என்று நினைக்கிறேன். முட்டியின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டியது அந்தத் தசை. இரண்டு வாரம் கழித்து, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் இரண்டு மூன்று முறை போய் முறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு "எல்லாம் செஞ்சு பார்த்தாச்சுங்க" என்று சொல்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முட்டியில் விழும் பாரம் ஒவ்வொரு அடிக்கும் நாலு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். எட்டுக் கிலோ குறைத்தால் அடிக்கு 32 கிலோ. எட்டுத் தறிக்கு நடுவே ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தறிக்குடோனுக்கு வரும் டீயில் சர்க்கரையையும், கூட வரும் பன்னையும் நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். எல்லையில் இருக்கும் சர்க்கரைக்கும் அதே மருந்து.

குத்தவைத்துப் பாவு பிணைப்பதை விட்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும்படி மாற்றுங்கள். கழிப்பறைக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்கள். வலி கூடும் நாளில் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தேய்க்கலாம். வலி மாத்திரையை மட்டும் தினமும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகம் கெடலாம்.

கடைசியில் என்றைக்காவது மூட்டு மாற்று வேண்டிவந்தால் அது பயப்படும் அளவுக்கு இல்லை. மாற்றிய முட்டிகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 வருடம் கழித்தும் உழைக்கின்றன. வழக்கமான உலோக முட்டிக்கு 2017இல் மத்திய அரசு 54,720 ரூபாய் என்று விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு உங்கள் வருமானம் பொருந்தினால் அதிலும் இந்த அறுவை உண்டு. ஆனால் கிரேடு 2க்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து, நின்றபடி எடுத்த புது எக்ஸ்ரேயோடு எழுதுங்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி சரியாகத் தெரியாது. அதற்கு முன்னால், இந்த வாரமே, அம்மாவின் புண் எத்தனை சென்டிமீட்டர் நீளம், எத்தனை அகலம் என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்து தேதியோடு எனக்கு எழுதி அனுப்புங்கள்.